மூன்று இடத்தில் மூன்று எண்: விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

ராயபுரம் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கும் டாக்டர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இதுவரை 11 கட்டுரை வந்திருக்கிறது. என் எச்-இண்டெக்ஸ் கூகுள் ஸ்காலரில் 5, ஸ்கோபஸில் 4, வெப் ஆஃப் சயின்ஸில் 3. இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். எதை எழுதுவது? ஜர்னல்களின் இம்பாக்ட் ஃபாக்டரை எல்லாம் கூட்டி ஒரே எண்ணாகப் போடச் சொல்கிறார்கள், அது சரியா? அப்புறம், 5 என்பது நல்ல எண்ணா, இல்லையா?"

டாக்டர், கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். எச்-இண்டெக்ஸ் என்பது ஒருவருடைய கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டினார்கள் என்பதை ஒரே எண்ணாகச் சொல்வது. நீங்கள் சொன்ன மூன்றும் அதைக் கணக்கிட்டுக் காட்டும் டேட்டாபேஸ்கள். நான் டாக்டர் இல்லை, மருத்துவ நூலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன். என் மேஜைக்கு வந்து "என் எண் என்ன சார்?" என்று கேட்ட எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். பட்டியலில் இருக்கிற அத்தனை கட்டுரையும் உங்களுடையதுதானா? உங்களுடையது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா? பாதிப் பேர் சிரிப்பார்கள். பட்டியலை அச்செடுத்து ஒவ்வொன்றாக டிக் அடிக்கச் சொன்னால் பத்து நிமிஷத்தில் சிரிப்பு போய்விடும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் நின்று "கார்த்தி" என்று கூப்பிட்டால் நாலு ஜன்னல் திறக்கும். டேட்டாபேஸிலும் அதே கதைதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வெளிநாட்டு ஜர்னலின் படிவமோ "கடைசிப் பெயர்" என்ற கட்டத்தை நிரப்பாமல் விடாது. அங்கேதான் வம்பு தொடங்குகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு சர்ஜன், பெயரை இங்கே மாற்றி இ. சுரேஷ் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து கட்டுரையில் "சுரேஷ் இ" என்று சரியாக வந்துவிட்டது. ஆறாவதை ஆன்லைனில் அனுப்பும்போது கடைசிப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைத் தட்டிவிட்டார். கட்டுரை "எத்திராஜ் எஸ்" என்று பதிவானது. அடுத்த இரண்டையும் பழைய லாகினிலேயே அனுப்பியதால் அவையும் அப்படியே போயின. எத்திராஜ் யார் என்றால், துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்று, காலமாகிவிட்ட பெரியவர். பித்தப்பை அறுவை சிகிச்சையைப் பற்றி உலகம் மூன்று கட்டுரைகளில் அவரை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தது. மகனுக்கு அது தெரியவே தெரியாது. பதவி உயர்வுக்கு ஐந்து கட்டுரைதான் என்று எழுதி எடுத்துக்கொண்டு வந்தார்.

ஸ்கோபஸைத் திறந்து பார்த்தோம். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு. "சுரேஷ் இ" கணக்கில் ஐந்து கட்டுரை, அவற்றின் சைட்டேஷன், அதாவது மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை, 12, 8, 3, 1, 0. "எத்திராஜ் எஸ்" கணக்கில் மூன்று, 15, 6, 4. முதல் கணக்கின் எச்-இண்டெக்ஸ் 3, இரண்டாவதும் 3. "அப்போ சேர்த்தால் ஆறா?" என்றார் ஆசையாக. இல்லை, சேர்த்தால் 4. அவர் முகம் வாடியதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த எண் எப்படி வருகிறது என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். உங்களுக்கும் அதையே போடுகிறேன்.

இந்த இண்டெக்ஸை 2005ல் சொன்னவர் ஹோர்ஹே ஹிர்ஷ். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து இயற்பியலாளர். இயற்பியல்காரர்களை ஒப்பிடுவதற்காக அவர் சொன்னதை நாம்தான் மருத்துவம் முழுக்க இழுத்துக்கொண்டு வந்தோம். கணக்கு சுலபம். கட்டுரைகளை அதிக சைட்டேஷனிலிருந்து குறைவுக்கு வரிசையாக அடுக்குங்கள். நீங்கள் அனுப்பிய கூகுள் பட்டியல் 41, 17, 9, 6, 5, 3, 2, 1, மூன்று பூஜ்யம். ஒன்றாவது இடத்தில் 41, இரண்டாவதில் 17, மூன்றாவதில் 9, நான்காவதில் 6, ஐந்தாவதில் 5. ஆறாவது இடத்தில் 6 வேண்டும், இருப்பது 3தான். ஆகவே 5ல் நின்றுவிட்டது. குறைந்தது 5 சைட்டேஷன் பெற்ற கட்டுரை ஐந்து இருக்கிறது, அவ்வளவுதான் இதற்கு அர்த்தம்.

இதில் அந்த 41ஐப் பாருங்கள். நாளைக்கே அது 410 ஆனாலும் உங்கள் எச்-இண்டெக்ஸ் அதே 5தான். ஒரு கட்டுரை உலகையே புரட்டிப் போட்டாலும் இந்த எண் அசையாது. சுமாரான கட்டுரை பத்து எழுதி நண்பர்கள் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டிக்கொண்டால் மெல்ல ஏறிவிடும். இறங்கவும் இறங்காது. பத்து வருஷமாக ஆய்வுப் பக்கமே போகாதவருடைய எண்கூட உயர்ந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் பழைய கட்டுரைகளுக்குச் சைட்டேஷன் சேர்ந்துகொண்டே இருக்கும். வயது ஏற ஏற ஏறும் எண்ணை வைத்து 35 வயதுக்காரரையும் 58 வயதுக்காரரையும் ஒரே தராசில் நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை.

சரி, மூன்று இடத்தில் ஏன் மூன்று எண்? காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், எல்லாம் வலைக்கண்ணைப் பொறுத்தது. கூகுள் ஸ்காலரின் வலைக்கண் மிகச் சிறியது. ஜர்னல் கட்டுரை, மாணவர் ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், அச்சுக்கு முன்பே இணையத்தில் ஏற்றிய வடிவம், ஏதோ ஒரு கல்லூரி தளத்தில் கிடக்கும் பிடிஎஃப், யாரும் படித்துச் சரிபார்க்காத காசு வாங்கும் ஜர்னல், எல்லாம் மாட்டும். அதில் உங்களை மேற்கோள் காட்டியிருந்தால் ஒரு சைட்டேஷன். ஸ்கோபஸ் எல்சேவியர் நிறுவனத்துடையது, கூகுள் ஸ்காலரைப் போலவே 2004ல் வந்தது. எந்த ஜர்னலைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று முடிவு செய்ய அதற்கு ஒரு குழு உண்டு. உங்கள் 11ல் எட்டுதான் அதில் இருக்கிறது. சைட்டேஷன் 26, 11, 5, 4, 2, 1, பூஜ்யம், பூஜ்யம். போட்டுப் பாருங்கள், 4 வரும். வெப் ஆஃப் சயின்ஸின் மையத் தொகுப்பு இன்னும் அகலமான கண். அதில் உங்களுக்கு ஐந்துதான் மாட்டியிருக்கிறது.

வெப் ஆஃப் சயின்ஸில் இன்னொரு சங்கதி உண்டு, நூலகத்துக்கு வெளியே பலருக்குத் தெரியாது. உங்கள் நிறுவனம் எந்த ஆண்டிலிருந்து சந்தா வாங்கியிருக்கிறதோ அந்த ஆண்டு முதல்தான் உங்கள் திரையில் தெரியும். ஒரே ஆளின் பெயரைப் பணக்கார நிறுவனத்தில் தட்டினால் ஒரு எண், சந்தா குறைவான இடத்தில் தட்டினால் வேறு எண். அந்த 3 உங்கள் ஆய்வின் அளவு மட்டுமில்லை, உங்கள் நூலகத்தின் பட்ஜெட்டும் அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

ஆக, மூன்றில் எதுவும் பொய்யில்லை. டேட்டாபேஸின் பெயரும் பார்த்த தேதியும் இல்லாமல் எழுதினால்தான் அது பொய்யாகிறது. நேர்முகத்தில் "எச் 5" என்று மட்டும் சொன்னால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஸ்கோபஸைத் திறந்து 4 என்று பார்ப்பார். அப்புறம் நீங்கள் சொல்வது எதையும் நம்ப மாட்டார்.

பப்மெட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பப்மெட் இண்டெக்ஸ்டு" என்ற சொல் நம்மிடம் படாதபாடு படுகிறது. பப்மெட் ஒரு தேடுபொறி. அதன் அடியில் ஜர்னல்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் மெட்லைன் இருக்கிறது. கட்டுரையின் முழு வடிவத்தைச் சேமித்து வைக்கும் பப்மெட் சென்ட்ரலும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. பப்மெட்டில் தேடினால் கட்டுரை வருகிறது என்பதற்காக அந்த ஜர்னல் மெட்லைனில் இருக்கிறது என்று ஆகாது. விண்ணப்பப் படிவத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதைப் பார்த்து, ஜர்னலின் பெயரை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் தேடி உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தைச் செலவழிக்காததால் ஆறு மாதம் கோப்பு திரும்பித் திரும்பி வந்த கதையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது இம்பாக்ட் ஃபாக்டர். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். யூஜின் கார்ஃபீல்டு ஃபிலடெல்ஃபியாவில் 1964ல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் என்ற மேற்கோள் பட்டியலைக் கொண்டுவந்தார். அதில் எந்த ஜர்னலைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கப் பிறந்ததுதான் இம்பாக்ட் ஃபாக்டர். பிறகு எங்களைப் போன்ற நூலகர்களுக்கு, எந்த ஜர்னலுக்குச் சந்தா கட்டுவது, எதை நிறுத்துவது என்று பார்க்கப் பயன்பட்டது. ஒரு ஜர்னல் முந்தைய இரண்டு ஆண்டில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு வந்த சைட்டேஷனை, அந்த இரண்டு ஆண்டுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. ஜர்னலின் சராசரி. அதில் உங்கள் கட்டுரை எங்கே நிற்கிறது என்று அது சொல்லாது.

சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு வேடிக்கை. படிகவியலில் ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்று ஒரு ஜர்னல். இம்பாக்ட் ஃபாக்டர் 2 சொச்சம்தான் இருந்தது. 2008ல் ஜார்ஜ் ஷெல்ட்ரிக் என்பவர், தான் எழுதிய ஷெல்எக்ஸ் என்ற மென்பொருளின் வரலாற்றை அதில் ஒரு கட்டுரையாக எழுதினார். படிக அமைப்பைக் கணக்கிடுபவர்கள் எல்லோரும் அதையே மேற்கோள் காட்டினார்கள். 2009ல் ஜர்னலின் இம்பாக்ட் ஃபாக்டர் 49ஐத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டுகளில் அதே ஜர்னலில் எழுதிய மற்றவர்கள் திடீரென்று இருபது மடங்கு மேதையாகிவிட்டார்களா? இல்லையே.

இந்தச் சராசரியைத்தான் ஜர்னல் ஜர்னலாகக் கூட்டி "மொத்த இம்பாக்ட் ஃபாக்டர் 27.4" என்று பயோடேட்டாவில் போடச் சொல்கிறார்கள். நீங்கள் சாப்பிட்ட கல்யாணங்களின் மண்டப வாடகையைக் கூட்டி அதை உங்கள் சம்பளம் என்று சொல்வது போல இருக்கிறது இது. விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டம் கட்டாயமாக இருந்தால் நிரப்புங்கள், வேறு வழியில்லை. கட்டம் இல்லாவிட்டால் நீங்களாகப் போடாதீர்கள். 2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய செல் உயிரியல்காரர்களும் ஜர்னல் ஆசிரியர்களும் இதையே சொன்னார்கள். டோரா என்ற பிரகடனமாக அது 2013ல் வெளியானது. ஆளை மதிப்பிட ஜர்னலின் இம்பாக்ட் ஃபாக்டரைப் பயன்படுத்தாதே என்பதுதான் அதன் சாரம். தேர்வுக் குழுவில் யாராவது முரண்டு பிடித்தால் அமைதியாக இதைச் சொல்லலாம். சண்டை போட வேண்டாம்.

சைட்டேஷன் எதை அளக்கிறது என்று உங்கள் துறையிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. முதல் வருஷ பிராக்டிகலில் லோரி மெத்தட் செய்திருப்பீர்கள். நீல நிறம் வரும், புரதத்தின் அளவைப் படிப்போம். ஆலிவர் லோரி 1951ல் ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரியில் எழுதிய அந்தக் கட்டுரைதான் உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டதாகச் சொல்லப்படுவது. 2014 கணக்கிலேயே மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. அது பெரிய கட்டுரை இல்லை என்று லோரியே பின்னால் எழுதியிருக்கிறார். மாவு அரைக்கும் இயந்திரம் மாதிரி அது. ஊரே அதில் அரைக்கிறது, அதனால் எண் ஏறுகிறது. கண்டுபிடிப்பின் பெருமைக்கும் அந்த எண்ணுக்கும் தூரம் அதிகம். நேர் எதிர்ப் பக்கத்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998ல் லான்செட்டில் எழுதிய அவர் கட்டுரை 2010ல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கும் சைட்டேஷன் மலை மலையாக இருக்கிறது. அது தவறு என்று சொல்வதற்காகவே எத்தனையோ பேர் மேற்கோள் காட்டினார்கள். டேட்டாபேஸுக்குத் திட்டும் பாராட்டும் ஒன்றுதான்.

உங்கள் பட்டியலுக்கு வருவோம். 41 பெற்றது மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ஒரு ரிவ்யூ கட்டுரை, ஆறு பேரில் நீங்கள் நான்காவது. 9 பெற்றது காசிமேடு பக்கம் நீங்களே வீடு வீடாக ஏறி இறங்கி ரத்தம் எடுத்த ரத்தசோகை ஆய்வு, அதில் நீங்கள் முதல் பெயர். எச்-இண்டெக்ஸுக்கு இரண்டும் சமம். என்னைக் கேட்டால் உங்கள் பயோடேட்டாவின் தலையில் இருக்க வேண்டியது அந்த 9தான்.

ஏனென்றால் மருத்துவ ஆய்வில் பெயர் வரிசைக்கு ஒரு மொழி இருக்கிறது. முதல் பெயர் கையால் வேலை செய்தவர், கடைசிப் பெயர் பெரும்பாலும் யோசனையும் பணமும் கொண்டுவந்த மூத்தவர், நடுவில் இருப்பவர்கள் உதவியவர்கள். உலக நோய்ச்சுமை ஆய்வு என்று லான்செட்டில் வருகிறதே, அதில் நூற்றுக்கணக்கில் பெயர்கள் இருக்கும். அதில் ஒருவராக இருந்துவிட்டால் சைட்டேஷன் ஆயிரக்கணக்கில் கொட்டும். தவறில்லை, அவர்களும் உழைத்தவர்கள்தான். ஆனால் நூற்றுக்கணக்கான பேர் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொட்ட கைக்கும் முழு எண்ணும் போய்ச் சேர்கிறது.

2022ல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த ஆசிரியர் தகுதி விதிகளில், கட்டுரையின் முதல் மூன்று பெயர்களுக்குள்ளோ, ஜர்னலோடு கடிதத் தொடர்புக்குப் பொறுப்பான கரஸ்பாண்டிங் ஆசிரியராகவோ இருந்தால்தான் கணக்கு என்று வைத்தார்கள். இலவசமாகப் பெயர் ஒட்டிக்கொள்ளும் பழக்கத்தை ஒழிக்க வந்த விதி, நோக்கம் நியாயம்தான். விதிகள் அடிக்கடி மாறும், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் இருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த மாதிரி விதியை நம் ஊர் வரலாற்றின் மேல் வைத்துப் பார்த்தால் என்ன ஆகிறது தெரியுமா?

1986ல் சென்ட்ரலுக்கு எதிரில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த மாணவி செல்லப்பன் நிர்மலா. அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்பதை முதலில் காட்டியவர்கள் இவர்கள் இருவரும்தான். நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். அது வேலூருக்குப் போய்ப் பரிசோதிக்கப்பட்டது. முடிவு 1987ல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்சில் நாலே பக்கக் கட்டுரையாக வந்தது. அதில் ஏழு பெயர்கள். நிர்மலா நான்காவது, சுனிதி சாலமன் ஐந்தாவது. முதல் மூன்று என்ற கணக்கை வைத்தால் இருவருக்குமே அந்தக் கட்டுரை பதவி உயர்வுக்கு உதவாது!

இன்னொன்று, சேத்துப்பட்டில் 1956ல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம். இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோயாளியை சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல காற்று, நல்ல சாப்பாடு கொடுத்தால்தான் பிழைப்பார் என்று அப்போது உலகமே நம்பியது. இங்கே நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்குப் போனார்கள். மீதிப் பேர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்து அதே மாத்திரையைப் பன்னிரண்டு மாதம் சாப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் கிட்டத்தட்ட நூறு பக்கத்துக்கு அது வெளிவந்தது. இன்று தண்டையார்பேட்டையில் ஒருவர் காசநோய் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், முடிந்தால் வேலைக்கும் போகிறார் என்றால் அதற்கு வேர் அங்கே இருக்கிறது.

அந்தக் கட்டுரையை எழுதியவர் யார் என்று தேடினால் ஆள் பெயர் வராது. "காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், மெட்ராஸ்" என்று நிறுவனத்தின் பெயர்தான் வரும். ஆய்வை முன்னின்று நடத்திய வாலஸ் ஃபாக்ஸின் பெயரே ஆசிரியர் இடத்தில் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பார்த்து வந்தவர்களுக்கும் இல்லை. அதன் சைட்டேஷன் யாருடைய எச்-இண்டெக்ஸிலும் ஏறவில்லை. இந்த எண்களைப் பார்த்துத் தூக்கம் கெடும்போது எனக்கு அந்த நூறு பக்கம்தான் நினைவுக்கு வரும்.

துறைக்குத் துறை சைட்டேஷன் வேறுபடுமே, புற்றுநோய்க்காரரையும் பல் மருத்துவரையும் எப்படி ஒப்பிடுவது என்று நியாயமாகக் கேட்பீர்கள். அதற்கு ஓரளவு நல்ல கருவி ஐசைட். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் நடத்துவது, இலவசம், பப்மெட் எண்களை ஒட்டினால் போதும். அதில் ஆர்சிஆர் என்று ஓர் எண் வரும். 2016ல் வந்தது. உங்கள் கட்டுரையோடு சேர்த்து எவற்றையெல்லாம் மற்றவர்கள் மேற்கோள் காட்டுகிறார்களோ, அவற்றையே உங்கள் துறை என்று எடுத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்குள் உங்கள் இடத்தைச் சொல்லும். 1 என்றால், அந்த நிறுவனத்தின் பணத்தில் நடந்த ஆய்வுகளின் நடுமட்டத்துக்குச் சமம். அமெரிக்கப் பணத்தில் நடந்த ஆய்வுதான் அளவுகோல் என்பதை மறக்காதீர்கள். சில ஆயிரம் ரூபாய் செலவில் ராயபுரத்தில் நடந்த ஆய்வு 0.8 வாங்கினால் நான் கைதட்டுவேன். உங்கள் கட்டுரையை மருத்துவப் பரிசோதனை ஆய்வுகளும் சிகிச்சை வழிகாட்டிகளும் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கின்றன என்பதும் அங்கே தனியாகத் தெரியும். டாக்டர்களுக்கு அது எச்-இண்டெக்ஸைவிட அர்த்தமுள்ள எண் என்பது என் கட்சி.

"உலகின் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானி" என்று கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்கிறார்களே, அது ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவை வைத்து ஆண்டுதோறும் போடும் பட்டியல். ஸ்டான்ஃபோர்டு கொடுக்கும் விருது அல்ல. ஆனால் ஒன்று, தனி ஆசிரியரா, முதல் பெயரா, கடைசிப் பெயரா என்று பிரித்துப் பார்ப்பதால் வெறும் எச்-இண்டெக்ஸைவிட அது பரவாயில்லை. ஃப்ளெக்ஸ்தான் அதிகம்.

காசு வாங்கும் ஜர்னல்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. "மதிப்புக்குரிய ஐயா" என்று ஒரு பெண் டாக்டருக்கே மின்னஞ்சல் அனுப்பி, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஏற்புக் கடிதம் தருகிறோம் என்பார்கள். கேள்விப்படாத பெயரில் ஓர் "இம்பாக்ட் ஃபாக்டர்" போட்டிருப்பார்கள். உண்மையான இம்பாக்ட் ஃபாக்டரைக் கிளாரிவேட் நிறுவனம் மட்டும்தான் வெளியிடுகிறது. உங்கள் பட்டியலில் பூஜ்யம் வாங்கிய மூன்றில் இரண்டு இந்த வகை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆரம்பத்தில் எல்லோரும் ஒருமுறை மாட்டுவதுதான். அவற்றை மறைக்க வேண்டாம், முன்னால் வைக்கவும் வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. இன்றைக்கே ஆர்க்கிட் (ORCID) எண் ஒன்று வாங்குங்கள், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் அடையாள எண், பதினாறு இலக்கம், இலவசம். இனிமேல் எந்தக் கட்டுரை அனுப்பினாலும் அந்த எண்ணைக் கொடுங்கள். பெயர் எப்படிச் சிதைந்தாலும் எண் உங்களை விட்டுப் போகாது. ஒரே வடிவத்தில் பெயர் எழுதுவது என்று முடிவெடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றியிருந்தாலும் கட்டுரையில் பழையதையே வைத்துக்கொள்ளலாம், சட்டம் ஒன்றும் தடுக்காது. அப்புறம் கூகுள் ஸ்காலரில், தானாகக் கட்டுரை சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு, சேர்க்கும் முன் உங்களைக் கேட்கும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயரில் இன்னொரு ஊரில் மண்ணியல் படித்தவரின் கட்டுரையும் உங்கள் கணக்கில் வந்து உட்காரும். கேட்காமல் வந்தது என்று நீங்கள் சொன்னாலும் பார்ப்பவர் நம்ப மாட்டார். ஸ்கோபஸில் இரண்டு கணக்கு இருந்தால் சேர்க்கச் சொல்லி அந்தத் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சர்ஜன் அப்படித்தான் செய்தார், எத்திராஜ் ஐயா ஆசிரியர் பதவியிலிருந்து விடுபட்டார்.

நிறுவனத்தின் பெயரையும் பாருங்கள். ஸ்டான்லி கல்லூரியாக மாறியது 1938ல், ஆனால் ஓட்டேரியிலிருந்து வருகிற ஆட்டோக்காரருக்கு அது இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். ஒரே இடத்துக்கு மூன்று பெயர் வைத்துக் கூப்பிடுகிற பழக்கத்தை நாம் கட்டுரையிலும் விடுவதில்லை. ஒன்றில் கல்லூரிப் பெயர், ஒன்றில் மருத்துவமனைப் பெயர், ஒன்றில் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும். 1996க்கு முந்தையதில் மெட்ராஸ், பிந்தையதில் சென்னை. கணினி இவற்றை வேறு வேறு இடம் என்று எடுத்துக்கொள்கிறது. உங்களை இரண்டாக உடைக்க அதுவே போதும்.

விண்ணப்பத்தில் ஒரு வரி இப்படி எழுதுங்கள்: "ஸ்கோபஸ், பார்த்த தேதி இன்னது: கட்டுரை 8, சைட்டேஷன் 49, எச்-இண்டெக்ஸ் 4, சுயமேற்கோள் நீக்கிய எண்ணிக்கை இவ்வளவு." சுயமேற்கோளை நீக்கிப் பார்க்க ஸ்கோபஸிலேயே வசதி இருக்கிறது. அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. கூகுள் எண்ணையும் போட ஆசையிருந்தால் அடுத்த வரியில் கூகுள் என்று பெயர் சொல்லிப் போடுங்கள். அதற்குக் கீழே உங்களுக்கே பெருமையாக இருக்கும் மூன்று கட்டுரையை எடுத்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன ஆனது என்று இரண்டு இரண்டு வரி எழுதுங்கள். காசிமேடு ஆய்வு முதலில் வரட்டும். எந்தெந்தத் தெரு, யார் ரத்தம் எடுத்தது, முடிவை அந்த மக்களிடம் திரும்பப் போய்ச் சொன்னீர்களா என்பதை எழுதுங்கள். 5 என்ற எண்ணைப் பார்த்துத் தலையசைத்து அடுத்த பக்கம் புரட்டுகிற ஆளும் அந்த வரியில் நிற்பார். உயிர்வேதியியலில், இந்த வேலைப்பளுவோடு, பத்து வருஷத்துக்குள் ஸ்கோபஸில் 4 என்பது வெட்கப்பட வேண்டிய எண் இல்லை. இது என் அனுபவத்தில் சொல்வது, விதியில் இருப்பது அல்ல.

இன்னும் ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. 11 கட்டுரை என்று சொல்கிறீர்கள், ஆனால் நீங்கள் அனுப்பிய பட்டியலில் முதுகலை படித்த காலத்தில் வந்தது ஒன்றுகூட இல்லை. உங்கள் கைடோடு சேர்ந்து ஒன்றாவது வந்திருக்க வேண்டுமே. சனிக்கிழமை காலை மின்ட் பக்கம்தான் இருப்பேன். வரும்போது அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைத் தேடி எடுத்து வாருங்கள். அதில் உங்கள் இனிஷியல் முன்னால் அச்சாகியிருக்கிறதா, பின்னாலா என்று முதலில் பார்த்துவிடுவோம்.